சோப்பு டப்பாவுக்கு என்ன பதவி?

பிளாஸ்டிக் குழாய் செய்கிற ஆலை அது. குழாயைவிட அதிகாரிகள் போடும் கூட்டம்தான் அங்கே அதிகம் உற்பத்தியாகும். கூட்டத்தையும் அளந்து வெட்டி விற்க முடிந்திருந்தால் முதலாளி இந்நேரம் ஊரையே விலைக்கு வாங்கியிருப்பார். என்ன செய்வது, வாங்க ஆளில்லை. அதனால் வேலை செய்கிறவர்கள் தலையிலேயே கட்டினார்கள்.

அந்த ஆலையின் எலக்ட்ரீஷியன் ஒரு பெண். எங்கே பியூஸ் போனாலும் அவளைத்தான் கூப்பிடவேண்டும் என்பதால் எல்லாருக்கும் அவள் பியூஸ் அக்கா. அவளைவிட வயதில் மூத்த போர்மேன்கூட அப்படித்தான் கூப்பிடுவார். கை சுத்தமான வேலை, வாய் மட்டும் கொஞ்சம் நீளம்.

அவள் புருஷனுக்கும் அங்கேதான் வேலை. அரவை மெஷினில் நிற்கிறவர். உடைந்த குழாய்களை மெஷின் வாயில் போட்டால் அது தூளாக்கித் தள்ளும். அந்த மெஷினின் பேரிங் தேய்ந்து சில மாதங்களாகவே முனகிக்கொண்டிருந்தது. தேய்ந்த பேரிங் முதலில் சூடாகும், பிறகு நடுங்கும், கடைசியில் ஒரு நாள் இறுகிப் பிடித்துக்கொள்ளும். மோட்டார் விடாமல் இழுக்கும். அப்போது உள்ளங்கை அகலமுள்ள பெல்ட் அறுந்து எதிரே நிற்பவர் மேல்தான் பாயும். நடுவில் ஒரு தகர மூடி இருக்கிறது, ஆனால் அதை நம்பி யாரும் நிம்மதியாக நிற்க முடியாது.

சூடாகும்போதே நிறுத்தினால் போயிற்று என்பீர்கள். அங்கேதான் வந்தது வினை. ஓடுகிற மெஷினை நிறுத்தும் அதிகாரம் உதவி மேலாளருக்கும் அதற்கு மேலே உள்ளவர்களுக்கும் மட்டுமே என்று ஆலையில் ஒரு விதி. யாரோ ஒருவன் எப்போதோ டீ குடிக்கப் போவதற்காக மெஷினை நிறுத்திவிட்டானாம். அன்றிலிருந்து அவசரப் பட்டனுக்கே கண்ணாடி மூடி போட்டுப் பூட்டிவிட்டார்கள். சாவி அலுவலகத்தில். உதவி மேலாளர் கூட்டத்தில். அவர் வெளியே வருவதற்குள் இங்கே யாராவது பரலோகமே போய் வந்துவிடலாம்.

அதுவரை காத்திருக்கப் பியூஸ் அக்கா தயாராக இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சமையலறை மேஜையில் உட்கார்ந்தாள். பழைய சோப்பு டப்பா ஒன்றை எடுத்து, உள்ளே சூட்டை உணர்கிற சென்சார் ஒன்று, அதிர்வை உணர்கிற சென்சார் ஒன்று, செய்தி அனுப்புகிற சின்ன சிப் ஒன்று என்று வைத்து மூடினாள். பக்கவாட்டில் ஒரு வயரை இழுத்து வெளியே விட்டாள். சூடு எல்லை தாண்டினால் அந்த வயர் வழியாக மெஷினே நின்றுவிடும், போனுக்கும் செய்தி போகும். அவ்வளவுதான் விஷயம். இதில் பிரமாதமாக ஒன்றுமில்லை என்று அவளே சொன்னாள்.

சோதனைக்கு இஸ்திரிப் பெட்டியை டப்பாமேல் வைத்தார்கள். புருஷனின் போன் அலறியது. 'சூடு ஏறுது. நிறுத்திட்டேன்.'

"உன்னை மாதிரியே பேசுது" என்றார் அவர்.

"பேசினா சரி. நீங்க அது முன்னாடி நிக்கிறதைப் பார்த்தா எனக்கு வேலையே ஓடலை" என்றாள்.

மறுநாள் போர்மேனிடம் காட்டினாள். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு. இப்பவே மாட்டிடுவேன். ஆனா மையத்துக்குத் தெரியாம ஒரு ஸ்க்ரூ திருகினாக்கூட என் வேலைக்கு உலை வெச்சுடுவாங்க, தாயே" என்றார்.

மையம் என்றால் இணைப்புப் புத்தாக்க மையம். மெஷின்களுக்குச் சென்சார் மாட்டி எல்லாவற்றையும் ஒன்றோடொன்று பேசவைப்பதற்காகவே ஆலை திறந்த தனிப் பிரிவு. அலுவலகக் கட்டடத்தில், கண்ணாடி அறை, குளிர்சாதனம், சுழலும் நாற்காலிகள். சுவரில் பாதியை அடைத்துக்கொண்டு ஒரு திரை. அதில் வண்ண வண்ணமாக ஒரு உருண்டை சுற்றிக்கொண்டிருந்தது. திறந்த நாளிலிருந்து அந்த உருண்டைதான் சுற்றுகிறது, ஏனென்றால் அதுவரை ஒரு மெஷினும் இணைக்கப்படவில்லை.

மையத் தலைவரும் ஆலோசகரும் அவளை உட்காரச் சொன்னார்கள். தலைவர் சோப்பு டப்பாவை விரல் நுனியால் தள்ளிப் பார்த்தார்.

"இது என்னம்மா?"

"பேரிங் சூடானா சொல்லும் சார். மெஷினையும் நிறுத்திடும்."

"அது இதோட வேலை. நான் கேக்குறது, இது என்ன?"

"டப்பா சார்."

ஆலோசகர் பரிதாபமாகச் சிரித்தார். "மேடம், நீங்க டப்பாவைப் பாக்கிறீங்க. நாங்க ஒரு பயணத்தைப் பாக்கிறோம்."

எங்கே பயணம், யார் போகிறார்கள் என்று அவள் கேட்கவில்லை. புருஷன் வீட்டிலேயே சொல்லி அனுப்பியிருந்தார், வாயை மட்டும் மூடிட்டு இரு, காரியம் ஆகணும் என்று. மூடிக்கொண்டிருந்தாள். அது அவளுக்கு எவ்வளவு கஷ்டம் என்பது அவளோடு வேலை பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

பயணத்தை முழுக்க வரைந்து காட்டிவிட்டு ஆலோசகர் அந்த வயரைப் பிடித்தார். "இது எதுக்கு?"

"மெஷினை நிறுத்த."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தலைவர் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தார். "யார் நிறுத்துறது?"

"டப்பாதான் சார்."

"டப்பாவுக்கு என்ன பதவி?"

தலைவர் பொறுமையாக விளக்கினார். உற்பத்தியை நிறுத்த உதவி மேலாளர் அளவிலாவது ஒருவர் வேண்டும். டப்பா எந்தப் பதவியிலும் இல்லை. பதவி இல்லாத ஒன்று முடிவெடுத்தால் நாளைக்குக் காபி மெஷினும் முடிவெடுக்கும். பிறகு நிர்வாகம் எதற்கு?

"அதானே" என்றார் ஆலோசகர்.

நீங்கள் நம்பமாட்டீர்கள், அடுத்த வாரம் இதற்கென்றே தனிக் கூட்டம் போட்டார்கள். டப்பாவைத் தற்காலிக உதவி மேலாளராக நியமித்துவிட்டால் என்ன என்று ஆலோசகர் யோசனை சொன்னார். பணியாளர் பிரிவு அதிகாரி வந்து, கல்வித் தகுதி என்ன, பிறந்த தேதி என்ன, இதற்குமுன் வேலை பார்த்த இடம் எது என்று கேட்டார். குளியலறை என்றாள் பியூஸ் அக்கா. யாரும் சிரிக்கவில்லை. அந்தப் பதவிக்கு ஏற்கெனவே ஆலைக்குள் ஏழெட்டுப் பேர் காத்திருக்கிறார்கள், வெளியிலிருந்து வந்த ஒரு டப்பாவுக்குக் கொடுத்தால் மனக்கசப்பு வரும் என்று அதிகாரி வருத்தத்தோடு மறுத்துவிட்டார்.

ஆகவே வயரை வெட்டச் சொன்னார்கள். "வெட்டிட்டா உடனே அனுமதிதான், மேடம்" என்றார் ஆலோசகர்.

அவள் கொஞ்ச நேரம் கட்டிங் பிளையரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். சரி, நிறுத்தாவிட்டாலும் செய்தியாவது போகுமே, செய்தி வந்தால் அவர் நகர்ந்தாவது நிற்பாரே என்று நினைத்தாள். தானே வெட்டினாள். அதை நினைக்கும்போதெல்லாம் பிறகு அவளுக்குத் தன் கையையே பிடிக்காமல் போயிற்று.

அடுத்து செய்திக்கு வந்தார்கள். செய்தி அதிகாரிகளின் போனுக்கும் போகும் அல்லவா? 'சூடு ஏறுது' என்றால் மரியாதையாக இருக்கிறதா? தலைவரின் போனைப் பார்த்து ஒரு டப்பா இப்படியா பேசுவது? ஆலோசகர் ராத்திரியெல்லாம் கண்விழித்துத் திருத்திக் கொண்டுவந்தார். 'பெருமதிப்பிற்குரிய ஐயா, தங்கள் மேலான நிர்வாகத்தின்கீழ் இயங்கும் இயந்திரமானது தற்சமயம் சற்றே வெப்பமான சூழலை அனுபவித்து வருவதைப் பணிவன்புடன் தங்கள் கவனத்திற்குக் கொண்டுவருகிறேன்.' தலைவர் வாசித்துவிட்டு, 'சற்றே' என்ற சொல் பீதியைக் கிளப்புகிறது என்றார். கடைசியில் சொற்களே ஆபத்தானவை என்ற முடிவுக்கு வந்தார்கள். செய்தி வேண்டாம், யார் போனுக்கும் எதுவும் வேண்டாம். மையத்தின் திரையில் ஒரு புள்ளி போதும். நன்றாக இருந்தால் பச்சை, இல்லாவிட்டால் சிவப்பு.

"அந்தப் புள்ளியை மெஷின்கிட்ட நிக்கிறவர் எப்படிப் பாப்பார் சார்?" என்று கேட்டாள்.

"அவர் ஏம்மா பாக்கணும்? அவருக்குத்தான் மெஷினே எதிர்ல இருக்கே."

அவளுக்கு மண்டை காய்ந்தது. பாத்ரூமுக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

சரி, மாட்டலாம் என்றார்களா? அதுதான் இல்லை. ஓடும் மெஷினில் மாட்டச் சோதனைச் சான்று வேண்டும். சோதனையை ஓடும் மெஷினில் செய்யக் கூடாது, ஏனென்றால் சான்று இல்லையே. இந்த இடத்தில் எல்லாரும் சேர்ந்து தலையைச் சொறிந்துகொண்டிருந்தபோது தலைவருக்கு ஒரு யோசனை உதித்தது. ஆலையின் வரவேற்பு அறையில் ஒரு மெஷின் இருக்கிறது. முதலாளியின் அப்பா முதன்முதலில் வாங்கியது. பெயின்ட் அடித்து, சுற்றிலும் கயிறு கட்டி, பூந்தொட்டி வைத்திருப்பார்கள். அதற்கு மோட்டாரே கிடையாது. டப்பாவை அதில் மாட்டினார்கள்.

சோதனை வெற்றி. அந்த மெஷின் ஒருமுறைகூடச் சூடாகவில்லை, நடுங்கவில்லை. பச்சைப் புள்ளி அப்படியே நின்றது. தலைவர் தினமும் காலையில் வந்து அதைப் பார்த்துவிட்டுத்தான் காபி குடித்தார். முதலாளிக்கு அறிக்கை போயிற்று. மையத்தின் கருவி வந்தபிறகு அந்த மெஷினில் பழுது அறவே இல்லை என்று எழுதினார்கள். அதில் பொய் ஒன்றும் இல்லை பாருங்கள், அதுதான் வயிற்றெரிச்சல்.

இதற்கிடையே அரவை மெஷின் முனகலை விட்டு ஊளையிட ஆரம்பித்திருந்தது. வீட்டில் புருஷன் டிவி சத்தத்தைக் கூட்டிக் கூட்டி வைத்தார். காது மந்தமாகிவருவதை அவர் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

"பேசாம நானே ஒரு நாள் மெயின் சுவிட்சை இறக்கிடவா?" என்று கேட்டாள். எலக்ட்ரீஷியன் என்பதால் பேனல் போர்டு சாவி அவளிடம் இருந்தது.

"இறக்கிட்டு? ரெண்டு பேரும் வீட்ல உக்காந்து சோப்பு டப்பா செய்வோமா? வீட்டுக் கடன் இருக்கு, ஞாபகம் வெச்சுக்க. இன்னும் கொஞ்சம் பொறு, அனுமதிதான் வரப்போகுதே" என்றார்.

அனுமதி வந்தது. அன்றைக்கே அரவை மெஷினில் டப்பாவை மாட்டினாள். மாட்டிய கையோடு திரையில் சிவப்பு. அவளுக்குப் பாதி நிம்மதி, இப்போதாவது பார்த்துவிட்டார்களே என்று. மையத்துக்கு ஓடினாள்.

தலைவர் முகம் கறுத்துப் போயிருந்தது. "என்னம்மா இப்படிப் பண்ணிட்டீங்க? சோதனையில ஒரு நாள்கூட சிவப்பு வரலை. நீங்க மாட்டினதும் வருது. அப்ப தப்பு எங்க இருக்கு?"

"பேரிங்ல சார்."

"மாட்டினதுல" என்றார் ஆலோசகர்.

"சார், நீங்க வாங்க. மெஷின்மேல கை வெச்சுப் பாருங்க. ஒரு நொடி வைக்க முடியாது. நான் சொல்றதை நம்ப வேண்டாம், உங்க கையை நம்புங்க."

தலைவருக்கு உண்மையிலேயே மனம் புண்பட்டுவிட்டது. "தொட்டுப் பாக்கிற காலத்தை ஒழிக்கத்தானேம்மா இந்த மையத்தையே ஆரம்பிச்சோம்? நான் வந்து தொட்டா அப்புறம் இந்தத் திரைக்கு என்ன மரியாதை?"

சரியாக மாட்டிக் காட்டு, புள்ளி பச்சையாகும்வரை திருப்பித் திருப்பி மாட்டு என்று உத்தரவு. அவள் கழற்றினாள், மாட்டினாள். கழற்றினாள், மாட்டினாள். மூன்றாவது நாள் மதியம் ஏணியிலிருந்து இறங்கிப் பிளையரை எடுக்கக் குனிந்தபோது பேரிங் பிடித்துக்கொண்டது. ஒரு சத்தம்தான். தகர மூடி அந்தப் பக்கம் போய் விழுந்தது. பெல்ட் அவள் புருஷனின் தோளில் அடித்துத் தூக்கிப் போட்டது.

உயிருக்கு ஆபத்தில்லை என்றார் டாக்டர். தோள் எலும்பில் மூன்று இடத்தில் முறிவு, வலது கை இனி மேலே எழும்புமா என்று போகப்போகத்தான் தெரியும். அவள் ஆஸ்பத்திரி வராந்தாவில் சுவரில் சாய்ந்து நின்று அழுதாள். அழுகை நின்றபோது கோபம் மட்டும் மிச்சம் இருந்தது. அந்த வயர் இருந்திருந்தால், டப்பாவை மாட்டிய அன்றே மெஷின் நின்றிருக்கும்.

மறுநாள் காலை தலைவரும் ஆலோசகரும் பூங்கொத்தோடு வந்தார்கள். தலைவர் முகம் மலர்ந்திருந்தது. கட்டிலில் கிடந்தவரிடம் நலம் விசாரித்துவிட்டு அவள் பக்கம் திரும்பினார்.

"நேத்து சாயங்காலத்துலேர்ந்து பச்சைம்மா. சூடு இல்லை, அதிர்வு சுத்தமா இல்லை. எப்படிச் சரி பண்ணினீங்க?"

அவளுக்கு உடனே புரியவில்லை. பிறகு புரிந்தது. மெஷின் உடைந்து நின்றுவிட்டது. நின்ற மெஷின் ஆறிவிட்டது. ஆறிய மெஷின் நடுங்குவதில்லை. வரவேற்பு அறை மெஷினைப் போலவே ஆகிவிட்டது.

"சார், அது ஓடலை."

"அதெல்லாம் உற்பத்திப் பிரிவு பாத்துக்கும். நம்ம பக்கம் வெற்றி" என்றார் ஆலோசகர். முதலாளியே நேரில் வருகிறாராம். எல்லா மெஷினிலும் டப்பா மாட்டி, விழா எடுத்து, திரையை எல்லார் போனிலும் நேரடியாகக் காட்டப் போகிறார்களாம். அவளுக்குக் கேடயம் உண்டு.

அவர்கள் போனபிறகு புருஷன் மெதுவாகக் கேட்டார். "பக்கத்து அரவையும் என்னோடது மாதிரியே கத்திட்டு இருந்துச்சு. அதுல இப்ப யார் நிக்கிறாங்க?"

"ஒல்லின்னு கூப்பிடுவோமே, அந்தப் பையன்."

"பெல்ட் ஒரு அடி அடிச்சா அவன் தாங்க மாட்டான்" என்றார். சிரிக்கப் பார்த்தார், வலித்தது. பிறகு, "நீ அன்னிக்குச் சுவிட்சை இறக்கவான்னு கேட்டப்ப நான் வேண்டாம்னு சொல்லியிருக்கக் கூடாது" என்றார்.

அவள் தலையணையைச் சரிசெய்துவிட்டு அவர் சாப்பிடும்வரை இருந்துவிட்டுப் போனாள்.

விழா நாள் வந்தது. எல்லா மெஷினிலும் டப்பா மாட்டியாயிற்று. பாதிக்குமேல் சிவப்பு. ஆலையில் எண்ணெய் கண்டு எத்தனை நாளாயிற்றோ, அத்தனை பேரிங்கும் தேய்ந்து கிடந்தன. தலைவர் சிவப்புப் புள்ளிகளுக்கு மட்டும் வேறு பெயர் வைத்துச் சமாளித்தார். வளர வாய்ப்புள்ள இயந்திரங்கள் என்று திரையில் எழுதச் சொன்னார். அரங்கின் முன்வரிசையில் முதலாளி, அவருக்குப் பின்னால் கழுத்துப்பட்டி கட்டிய அதிகாரிகள். பியூஸ் அக்காவுக்கு மேடையோரம் ஒரு நாற்காலி.

தலைவர் மைக்கைப் பிடித்தார்.

"இயந்திரம் ஓடுகிறதா என்று பார்த்தது பழைய காலம். இயந்திரம் என்ன நிறத்தில் இருக்கிறது என்று பார்ப்பது நம் காலம். இந்த மையத்தின் தலைவராகப் பொறுப்பேற்ற நாள்முதல் நான் ஒருமுறைகூட ஆலைக்குள் காலடி வைத்ததில்லை. இதைப் பெருமையோடு சொல்கிறேன். காலடி வைக்கவேண்டிய அவசியத்தையே நாங்கள் ஒழித்துவிட்டோம். அண்மையில் ஒரு தொழிலாளருக்குச் சிறு காயம் ஏற்பட்டது. அந்த நேரத்திலும் நமது கருவி ஒரு நொடிகூடப் பதறவில்லை. தன் கடமையான பச்சை நிறத்தை நோக்கி அமைதியாக நகர்ந்தது."

கைதட்டினார்கள். பியூஸ் அக்கா எழுந்தாள். பாத்ரூமுக்குப் போகிறாள் என்று நினைத்து ஆலோசகர் வழிவிட்டார். அவள் முற்றத்தைத் தாண்டி ஆலைக்குள் போனாள். ஒல்லியின் மெஷின்மேல் உள்ளங்கையை வைத்தாள், சுட்டது, எடுத்தாள். நேராகப் பேனல் போர்டைத் திறந்து அந்த மெஷினின் மெயின் சுவிட்சைக் கீழே இறக்கினாள்.

போர்மேன் ஓடிவந்தார். "யாரைக் கேட்டு நிறுத்தின? என்னையும் சேத்து வீட்டுக்கு அனுப்பிடுவாங்க."

"உங்க போன்ல விழா ஓடுதில்ல, அதைப் பாருங்க."

பார்த்தார். திரையில் ஒரு சிவப்புப் புள்ளி கொஞ்ச நேரம் தயங்கிவிட்டுப் பச்சையானது. முதலாளி கைதட்டுவது தெரிந்தது. தலைவர், நம் கண்முன்னே ஓர் இயந்திரம் குணமடைகிறது என்று குரல் தழுதழுக்கச் சொன்னார்.

போர்மேன் போனையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "அடுத்தது அந்த மிக்சர்" என்று தானே கை காட்டினார்.

தூள் கலக்கும் மிக்சரை நிறுத்தினாள். பிறகு குழாய் இழுக்கும் மெஷின், பிறகு வெட்டும் மெஷின். ஒவ்வொன்றும் ஆறி அடங்க நேரமெடுத்தது, தலைவர் அந்த நேரத்தையெல்லாம் பேச்சால் நிரப்பினார். சிவப்பாக இருந்தவை எல்லாம் முடிந்ததும், பச்சையாக இருந்தவற்றை மட்டும் ஓடவிட்டு என்ன பயன், எண்ணெய் போடவாவது நிறுத்துவோம் என்று போர்மேனே சொல்லிவிட்டார். கடைசி மெஷினும் நின்றது. இத்தனை வருஷத்தில் அந்த ஆலைக்குள் ஒருவர் மூச்சுவிடுவது இன்னொருவருக்குக் கேட்டது அப்போதுதான். முற்றத்துக்கு அப்பால் அரங்கிலிருந்து சத்தம் வந்தது. எல்லாரும் எழுந்து நின்று தட்டுகிறார்கள்போல, நிற்கவே இல்லை.

"எதுக்கக்கா இப்படிக் கை தட்டுறாங்க?" என்று கேட்டான் ஒல்லி.

"ஆலை நின்னுடுச்சுன்னு."

"தெரிஞ்சா ஓடிவரமாட்டாங்களா?"

"பச்சையா இருக்கிற வரைக்கும் இந்தப் பக்கம் ஒருத்தரும் வரமாட்டாங்க" என்றாள். ஸ்டோர் ரூமிலிருந்து புதுப் பேரிங் பெட்டிகளைக் கொண்டுவரச் சொன்னாள். போர்மேன் சட்டைக் கையை மடித்துக்கொண்டார். அவள் ஒல்லியின் மெஷினுக்கு அடியில் குனிந்து உட்கார்ந்து, பின்னால் கையை நீட்டி ஸ்பேனரைக் கேட்டாள்.